தூக்கிட்டேனுங்க

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
23.1.1994

மதிப்பிற்குரிய திருமலைசாமி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் விமானப் படையினர் பாராட்டு விழாச் செய்தியில் உங்கள் பெயரையும் உங்கள் பம்ப் கம்பெனியின் பெயரையும் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் ஓட்டிய குண்டுவீச்சு விமானத்தில் பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரராக இருந்த நசுருதீனின் மகள் நான். அத்தா பர்மா யுத்தத்தில், அரக்கானில் இறந்து அடுத்த மாதம் ஐம்பது வருடம். அவர் போய் மூன்று மாதம் கழித்துப் பிறந்தேன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன்.

அப்போது நீங்கள் அம்மாவுக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. "குதிக்கும்படி மூன்று முறை சொன்னேன், அவர் குதிக்கவில்லை" என்று அதில் ஒரு வரி. தரையில் துப்பாக்கி துடைக்கும் வேலை என்று சொல்லிப் போனவர், தானே கேட்டுப் பறக்கும் வேலைக்கு மாறியது கடைசி லீவில்தான் அம்மாவுக்குத் தெரிந்ததாம். பெரிய சண்டை. ஸ்டேஷனில், "அப்படியே போயிருங்க, திரும்பி வராதீங்க" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அத்தா குதிக்கவில்லை என்று ஐம்பது வருடமாக நம்புகிறார்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டாக்டர் அதிக நாள் சொல்லவில்லை. நான் ஆறுதல் கேட்டு எழுதவில்லை. அவர் ஏன் குதிக்கவில்லை என்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ந. உம்மல் குல்சும்

*

பெரியநாயக்கன்பாளையம்
6.2.1994

அன்புள்ள அம்மணிக்கு,

உங்க கடிதத்தைப் பத்துத் தடவை படிச்சேனுங்க. நசுருதீனுக்கு மகள் இருக்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும். எனக்கு அப்ப இருபத்திரண்டு, அவருக்கு இருபத்தொண்ணு. பறக்கறப்ப பின்சீட்டிலிருந்து போனில் ஏப்பம் விட்டுட்டு, "பின்னாடி சுட்டது நானுங்க" என்பார். அத்தனை குசும்பு.

அப்போது படைக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். தீப்பிடித்தால் இங்கிலீஷில்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். நெருப்பைப் பார்த்ததும் எனக்கு இங்கிலீஷும் போச்சு, தமிழும் போச்சு. வீட்டுப் பாஷைதான் வாயில் வந்தது. "தூக்கு, தூக்கு" என்று கத்தினேன். எங்க தெலுங்கில் அதற்குக் குதி என்று அர்த்தமுங்க. முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வோம். அந்த இரைச்சலில் அழுத்தமாவது ஒண்ணாவது! அவர் அதைத் தமிழாகக் கேட்டுவிட்டார். "தூக்கிட்டேனுங்க" என்று பதில் வந்தது. துப்பாக்கியைத் தூக்கியிருப்பார். கிளம்பிவிட்டார் என்று நினைத்து நான் குதித்தேன்.

தப்பு என் நாக்கில். அம்மா பேரில் ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
திருமலைசாமி

*

கோட்டைமேடு
25.2.1994

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். ஏப்பக் கதைக்குச் சிரித்தார். 'தூக்கு' வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"யாரு, உங்கத்தாவுக்கா தெலுங்கு தெரியாது? எட்டு வயசுலருந்து உங்க தாத்தாகூட நாயுடுமாருங்க ஊடு ஊடாப் போயி சேலை வித்தவரு கண்ணு. வெலை பேசறதே தெலுங்குலதான். என்னைய வம்புக்கு இழுக்கறதும் அதுலதான்."

அதன்பிறகு, இத்தனை வருடம் என்னிடம் சொல்லாததைச் சொன்னார். வராதீங்க என்றதும் அத்தா ரயிலிலிருந்து சிரித்துக்கொண்டே, "சரே, ரானு" என்றாராம். அம்மாவுக்குப் புரியவில்லை. மறுநாள் ஒரு நாயுடு வீட்டில் கேட்டிருக்கிறார். சரி, வரமாட்டேன் என்று அர்த்தமாம்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு. குதிங்கறது புரிஞ்சேதான் உக்காந்திருக்காரு" என்கிறார். இது நோன்பு மாதம். நோயாளிக்கு நோன்பு இல்லை என்றால் கேட்பதில்லை. நோன்பு திறக்கும் நேரத்திலும் கஞ்சியைத் தொடுவதில்லை. இதுவரை அவரிடம் இருந்தது சந்தேகம். நீங்கள் அதற்குச் சாட்சி அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. தெலுங்கு தெரிந்தவர் "தூக்கிட்டேனுங்க" என்று சொல்லியிருக்க மாட்டார். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. அவரைக் குதிக்கச் சொன்னீர்களா, எந்தப் பாஷையிலாவது?

ஒரு வார்த்தை எழுதுங்கள். அம்மா காதில் விழ வேண்டும். நாளில்லை.

ந. உம்மல் குல்சும்

*

பெரியநாயக்கன்பாளையம்
3.3.1994

அம்மணி,

சொல்லவில்லை.

நெருப்பு காலுக்கு வந்தது. மேல்மூடியைத் தள்ளிக் குதித்துவிட்டேன். மூன்று முறை சொன்னேன் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அதையே உங்க அம்மாவுக்கும் எழுதினேன். தூக்கு கதை பிற்பாடு நானாகச் செய்துகொண்டது. சொல்லிச் சொல்லி எனக்கே அவர் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அவர் விமானத்தின் வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். என் பாராசூட் விரிந்ததை முதலில் பார்த்தது அவராகத்தான் இருக்கும். அப்போது விமானம் மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. குதிக்க உயரமில்லை.

அவர் திரும்பி வரத்தான் இருந்தார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நேரில் வந்து சொல்லச் சொன்னாலும் வாரேனுங்க.

திருமலைசாமி

*

கோட்டைமேடு
19.3.1994

ஐயா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது.

அம்மா 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கடைசி வாரம் முழுக்கத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். கேட்டை மூடும் சத்தத்துக்கெல்லாம் உள்ளேயிருந்து, "வந்துருச்சா?" என்பார். "இன்னும் இல்லம்மா" என்பேன். பத்தாம் தேதிக்கு மேல் கேட்கவில்லை. அத்தா வர விரும்பவில்லை என்று நம்பியே போனார். இனி அதை மாற்ற ஆளில்லை.

கடிதத்தில் மார்ச் 3 என்று போட்டிருக்கிறீர்கள். உறையில் உங்கள் ஊர்த் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. மார்ச் 16.

நேரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வராதீங்க.

ந. உம்மல் குல்சும்