பீரங்கிக் கப்பல் ஏன் சுடவில்லை

ஜூலை 12, 2003. சனி.
காலையிலிருந்து காற்று. மலைப் பக்கம் மேகம், இங்கே புழுதி மட்டும். நிலக்கோட்டை மல்லிகை விலைச் சரிவு பற்றிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். மூன்று பத்தி கேட்டார்கள். ஒன்றரைக்குத்தான் விஷயம் இருந்தது.

நாளை மகள் ஜெசிந்தாவைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிறார்கள். பையன் பெயர் அருள். அப்பாவோடு காய்கறி மண்டி. கம்ப்யூட்டர் விளையாட்டில் கொஞ்சம் பழக்கமாம். ஜெசி உடனே நிபந்தனை போட்டுவிட்டாள்: மொட்டை மாடியில் நின்று பேச மாட்டாள். தன் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு ஆட்டம். கடல் சண்டை.

அவள் அம்மா மேரி: "பொண்ணு பாக்க வந்தவுகள கப்பல் விட்டு அடிக்கிறவ நம்ம வீட்டுலதான் இருக்கா."

போன வருடம் வந்தவன் வேண்டுமென்றே தோற்றான். "பொம்பளப் பிள்ள ஆசையா வெளாடுது, விட்டுக் குடுத்தேன்" என்று சிரிப்பு வேறு. அதோடு சரி. ஒரு வருடம் கழித்து இப்போதுதான் சம்மதித்திருக்கிறாள். இவனும் அப்படி என்றால் இனி கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வாங்க: வாழைக்காய், கடலைமாவு, யு.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்.

ஜூலை 13, ஞாயிறு.
பூசை முடிந்த கையோடு வந்துவிட்டார்கள். பெரியவர்கள் வீட்டில். அவர்கள் இருவரும் சென்டரில். நான் ஓரமாக, பேப்பரும் கையுமாக. ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

தொடக்கம் இருவருக்கும் ஒன்றுதான்: மீன்பிடிப் படகு, துறைமுகம். பிறகு பிரிந்தார்கள். அருள் கட்டியது பீரங்கிக் கப்பல் மட்டும். விலை அதிகம், ஆமை வேகம், ஆனால் வெகு தூரத்திலிருந்து கரையை உடைக்கும். ஜெசி வழக்கம்போல் அம்புக் கப்பல் கொஞ்சம், தீக்கப்பல் நிறைய. அம்புக் கப்பலை முன்னால் காட்டி, அடித்துவிட்டு ஓடுவாள். துரத்துகிறவனுக்காகத் தீவின் பின்னால், கிட்டப் போய் நெருப்பைக் கக்கும் தீக்கப்பல்கள் காத்திருக்கும்.

இவன் துரத்தவில்லை. நேரே வந்து துறைமுகத்தை இடிக்கத் தொடங்கினான். ஜெசி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். தீக்கப்பல்களைத் தீவைச் சுற்றி விட்டு, அவனுடைய கப்பல்களோடு ஒட்ட வைத்தாள். ஒரு குண்டுகூடப் போடாமல் பீரங்கிக் கப்பல் அத்தனையும் நின்று எரிந்தன.

ஜெசி: "லாரிக்காரக புத்தி. அம்புட்டையும் ஒரே லோடுல ஏத்துறது."
"மண்டியில அப்படித்தானுங்க பழக்கம்." காது சிவந்திருந்தது.

சாயங்காலம் ஜெசி பஜ்ஜியைத் தொடவில்லை.
"சும்மா நின்னாருப்பா. இவரும் விட்டுக் குடுத்துட்டாரு."
"ஒட்டி வந்தா பீரங்கி சுடாதுன்னு நீதான சொல்லுவ?"
"அது ஆடுற எல்லாருக்கும் தெரியும்பா. அதுக்குத்தான் கூட நாலு அம்புக் கப்பல காவலுக்கு விடுறது. தெரிஞ்சே விடல."

ஜூலை 15, செவ்வாய்.
வெயில். அருளின் அம்மா போன் செய்தார். "எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லாருக்குங்க." மேரி அதற்குள் பேச்சில் கல்யாண மண்டபம் வரை போய்விட்டாள்.

மதியம் சென்டரில் ஆள் இல்லாத நேரம் நானே உட்கார்ந்து பீரங்கிக் கப்பல் கட்டிப் பார்த்தேன். ஜெசி சொன்னது சரி. தள்ளி நின்றால் கோட்டையையே பெயர்க்கிறது. தீக்கப்பல் ஒட்டிக்கொண்டால் திரு திரு என்று விழிக்கிறது. ஆனால் இது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான். போனில் கேட்க முடியாது. "விட்டுக் கொடுத்தீர்களா?" என்றால் எவனும் இல்லை என்றுதான் சொல்வான். பதிலை நாமே ஊட்டிவிடுகிற கேள்வி.

முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்.
ஆடி பிறந்தது. காற்றில் சென்டர் போர்டு ஒரு பக்கம் கழன்று ஆடுகிறது. செம்பட்டி அருகே லாரி கவிழ்ந்து ரோடு முழுக்கத் தக்காளி. உயிர்ச்சேதம் இல்லை. எந்த மண்டி லாரி என்று முதலில் கேட்டேன். அவர்களுடையது இல்லை. செய்திக்குத் தேவையே இல்லாத கேள்வி.

ஜெசி, தட்டைக் கழுவிக்கொண்டே: "ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் வேணாம்னு சொல்லிருங்கப்பா."
மேரி என்னைப் பார்த்தாள். நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி.
மேகமூட்டம். மதியம் போர்டை மாட்ட ஏணியில் நிற்கிறேன். கீழே அருள். தனியாக. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.
"ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல சொல்லல. அவங்க இருக்கறாங்களா?"

நான் எதுவும் கேட்கவில்லை. முருங்கைக்காயை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய் ஜெசி முன்னால் நின்றான்.
"கிட்ட வந்தா அந்தக் கழுதை சுடாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. கம்ப்யூட்டரோட ஆடறப்ப அது இப்படி ஒட்டி வந்ததே இல்லைங்க. ஒரு வாரமா தூக்கமே வரலைங்க. இன்னொரு ஆட்டம் ஆடோணும்."
"மண்டிக்கு லீவா?"
"சொல்லாம வந்துட்டனுங்க."

தோற்றதற்கு இப்படிப் பஸ் ஏறி வருகிறவன் விட்டுக் கொடுத்தவனாக இருக்க முடியாது. எனக்கு மூச்சு வந்தது. ஏணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

இந்த முறை பீரங்கிக் கப்பல் இரண்டே இரண்டு. சுற்றிலும் அம்புக் கப்பல்கள். "டெம்போவும் கூட்டிட்டு வந்திருக்கறனுங்க" என்றான். தீக்கப்பல்கள் பாதி வழியிலேயே முழுகின. அந்தக் கூட்டத்தைப் பிளக்க ஜெசி வெடிக் கப்பலை அனுப்பினாள். அவன் சட்டென்று கப்பல்களைப் பிரித்துவிட்டான். வெடித்தது வெறும் தண்ணீரில். துறைமுகம் போயிற்று. ஜெசி தோற்று இப்போதுதான் பார்க்கிறேன்.

"சிரிக்கிறீகளா?"
"இல்லைங்க." சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.
"எந்திரிக்காதீங்க. இன்னொண்ணு."

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். காவலுக்கு நான் தேவையில்லை என்று தோன்றியது. வீட்டுக்கு நடந்தேன்.

மேரி: "என்னங்க ஆச்சு?"
"தோத்துட்டா."
சிலுவை போட்டுக்கொண்டு முருங்கைக்காயை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு.
விடியலில் தூறல். புழுதி அடங்கிவிட்டது. கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெசி, என்னைப் பார்க்காமல்: "சரின்னு சொல்லிருங்கப்பா." ஒட்டன்சத்திரத்துக்குப் போன் செய்து சொல்லியாயிற்று. அந்தம்மா அழுதுவிட்டார். இங்கே மேரியும்.

தைலம் வாங்கினேன். நல்ல தூக்கம் மதியம்.

மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்தது யார்? இரண்டு தரப்பையும் தனித்தனியே விசாரித்துவிட்டேன். இருவரும் சொல்ல மறுக்கிறார்கள்.