அடைக்கக் கூடாத வாய்க்கால்

ஒருகாலத்து நண்பனுக்கு,

என் மனைவிக்கு மூளையில் கட்டி, சுற்றிலும் வீக்கம். உன் புதிய மருந்தைக் கொடுக்கலாம் என்கிறார் மருத்துவர். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

மூளையின் நட்சத்திர வடிவச் செல்களில் உள்ள நீர்வாய்க்கால்களை உன் மருந்து அடைத்துவிடும். பக்கவாதத்தில் தண்ணீர் அவ்வழியே செல்லுக்குள் புகுகிறது. அங்கே அடைப்பது சரி. ஆனால் கட்டியைச் சுற்றித் தேங்கும் நீர் வெளியேறுவதும் அதே வழியில்தான்; அங்கே அடைத்தால் வீக்கம் கூடும். நான் இதைச் சொன்னபோது கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும், "பொறாமைக்கு மருந்து கிடையாதுப்பா" என்று சிரித்தாய்.

நேற்று அவள் குழறிக் குழறிச் சொன்னாள்: "உங்க ரெண்டு பேர் சண்டைய என் தலைக்குள்ள வச்சுக்காதீங்க."

நான் தடுப்பது அறிவாலா, ஆத்திரத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. ஸ்கேன் படங்களை இணைத்திருக்கிறேன். நான் சொன்னது தப்பென்றால் உடனே எழுது. சரியென்றாலும் எழுது, யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இன்னும் உன்னை மன்னிக்காத,
பழைய அறைத்தோழன்