களிமண் பொடியில் ஆயில் கோடு

கணவன் கொளஞ்சிநாதனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பானட்டைப் படாரென்று சாத்திவிட்டு வந்தாள் சுலோச்சனா. செராமிக் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் அவசரத்திலும் காலண்டர் தாளின் பின்பக்கம் அழுத்தி அழுத்தி எழுதினாள்.

"சோறு இருக்குது. கொழம்பு வைக்கல. கார் சாவி எங்கிட்ட இருக்குது, தேடாதீங்க.

நான் வண்டிய ஸ்பீட் பிரேக்கர்ல வுட்டுதான் இஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்குற பேன் ஒடஞ்சிதுன்னு சொல்லி அதையும் மாத்துனீங்க. அப்பவும் ஆயில் ஒழுவுது. கீழ சொட்டுனா கீழதான் ஓட்டையா? இன்னைக்கி இஞ்சின நல்லா தொடச்சி, எங்க கம்பெனி வெள்ளக் களிமண் பொடிய தூவி, ஸ்டார்ட் பண்ணி வுட்டேன். பொடியில ஆயில் கோடு, இஞ்சின் உச்சில மூடியிருக்குற வால்வு கவருலேர்ந்து எறங்குது. அத போன மாசம் கழட்டி மாட்டுனது நீங்க, நானில்ல."

மடித்தவள் மறுபடி பிரித்தாள். அடியில் கொஞ்சம்தான் இடமிருந்தது. எழுத்தைக் குறுக்கினாள்.

"சாயந்தரம் எங்க அண்ணன் வராரு. அவரு முன்னாடிதான என்னைய கண்ணு தெரியாதவள்னு திட்டுனீங்க? பொடிய தொடைக்காதீங்க. பானட்ட தொறந்து, கண்ணு தெரியாதவ கண்டுபுடிச்சத நீங்களே அவருக்குக் காட்டுங்க."