கோப்பி மேசைக்காரரின் உபயம்

ஸ்காபரோ,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் அட்சயாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னமே மழையைச் சொல்லிவிடுகிறது. அங்கே சஸ்கச்சுவான் குளிரிலும் நீயும் உன் அணிப் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்க அம்மன் துணை நிற்கட்டும். தொலைபேசியில் பேசலாம் என்றால் நீ எப்போதும் பிள்ளைகளை ஏற்றி வான் ஓட்டிக்கொண்டிருக்கிறாய், ஆறுதலாக ஒன்றும் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் பேனையை எடுத்தேன்.

ஞாயிறு நீ சொன்னவற்றை அப்பாவுக்கு மறுபடி ஒருமுறை விளக்கவேண்டியிருந்தது. நீ பயிற்றுவிக்கும் பெண்கள் கோல்ஃப் அணிக்குப் பல்கலைக்கழகம் இனி உன் சம்பளத்தை மட்டும்தான் தரும், வான், தங்குமிடம், மைதானக் கட்டணம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் வெளியில்தான் பணம் தேடவேண்டும், மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் அணியையே மூடிவிடுவார்கள் என்று சொன்னேன். காப்புறுதிக் கம்பனி முதலாளி ஒருவர் முழுச் செலவையும் ஏற்க வந்து, ஆனால் யார் விளையாடுவது என்பதைத் தான்தான் தீர்மானிப்பேன் என்றதும், நீ நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டதையும் சொன்னேன். அப்பா, "உவளுக்கு விசரே, வாற சீதேவியை வாசலிலை வைச்சுத் திருப்பி விடுறாள்" என்று துள்ளினார். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. அதற்குப் பிறகு நீ செய்த காரியம் இன்னும் பெரிது. போட்டி நாட்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு நாளின் செலவுக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தாயே, ஒரு நாள் பழைய விளையாட்டுக்காரிகள், ஒரு நாள் பல் வைத்தியர், ஒரு நாள் தானியக் களஞ்சியக்காரர் என்று. இந்த முறையை எங்கே படித்தாய் என்று உங்கள் விளையாட்டுத்துறை இயக்குநர் கேட்க, எங்கள் கோயில் திருவிழாவில் என்று நீ சொன்னாயாம், நான் தனியே இருந்து சிரித்தேன். பத்து நாள் திருவிழாச் செலவையும் ஒரே ஆள் எடுத்தால் அடுத்த வருடம் சுவாமி எந்தத் தெருவால் வரவேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லுவார். பத்துக் குடும்பம் ஆளுக்கொரு நாள் செலவை உபயமாக எடுத்தால் கோயில் எல்லோருக்கும் உரியதாக இருக்கும். இதை நான் உனக்கு ஒருநாளும் பாடமாகச் சொன்னதில்லை, நீயாகவே பார்த்துப் பிடித்திருக்கிறாய்.

ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. ஒக்ரோபரில் வரும் கடைசிப் போட்டி நாளின் செலவை, குளிர் காற்றுக்குப் பயந்து, ஒருவரும் எடுக்கவில்லை என்றாய். பெயர் போடாமல் உன் சம்பளத்திலிருந்தே அதைக் கட்டிவிடப் போவதாகவும் மெதுவாகச் சொன்னாய். வேண்டாம் மகள். என்னோடு படிப்பித்த மரியோ மாஸ்ரர் மிக நல்ல மனிதர், கரும்பலகையில் எழுதும் சோக்கட்டி முடிந்தால் தன் கைக்காசில் வாங்கிவிடுவார். அடுத்த வருடச் செலவுத் திட்டத்தில் பள்ளி அதிபர் சோக்கட்டியை நீக்கியேவிட்டார், ஒருவரும் கேட்கவில்லைத்தானே என்று. பாவம், கடைசியில் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் மாஸ்ரர்தான் வாங்கினார். நீ ஒளித்துக் கட்டினால் அந்த நாளுக்குச் செலவே இல்லை என்றுதான் அங்கே நினைப்பார்கள், உனக்குப் பின் வரும் பயிற்றுநரும் தன் சம்பளத்தைத்தான் கொடுக்கவேண்டி வரும்.

இதை நான் அப்பாவிடமும் சொன்னேன். அடுத்தநாள் காலை வழக்கம்போல் பஸ் எடுத்துக் கடைத்தொகுதி மோலுக்குப் போனார். அங்கே ஒரே மேசையில் கோப்பியோடு பத்திரிகை பார்க்கும் அவருடைய கூட்டாளிகளை உனக்குத் தெரியும்தானே. இவ்வளவு காலமும் அவர் அவர்களிடம், மகள் யூனிவேர்சிற்றியில் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார், கேட்டவர்கள் தங்கள் விருப்பப்படி உன்னைப் புரொபெசராகவும் டொக்டராகவும் ஆக்கிவைத்திருந்தார்கள். அன்றுதான் முதல்முறையாக, "என்ரை மகள் கோல்ஃப் கோச், அவளின்ரை ரீமுக்கு ஒரு நாள் உபயம் குறையுது" என்றாராம். கூட்டாளி றமேஸ், "பந்தை அடிச்சுப்போட்டு அதுக்குப் பின்னாலை நடக்கிறதுக்குக் காசோ" என்று கேட்டாராம். இக்னேசியஸ் அண்ணைதான், "பொறு மச்சான், டொக்டர் எண்டு நினைச்சு என்ரை பிறசருக்கு மருந்து கேட்டன், அவள் நட எண்டாள், நடந்தன், இப்ப சுகமாயிருக்கிறன், அந்தப் பிள்ளைக்கு நான் தாறன்" என்று முதல் காசோலையை எழுதினாராம். பிறகு போட்டி போட்டுக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசி நாளின் செலவு நிறைந்துவிட்டது, பந்து வாங்கவும் கொஞ்சம் மிஞ்சும். காசோலைகளை இதனுடன் வைத்திருக்கிறேன். எல்லாம் நூற்றொன்று, இருநூற்றைம்பத்தொன்று என்று இருக்கும், அந்த ஒரு டொலர் என்னத்துக்கு என்று உங்கள் கணக்குப் பகுதியினர் கட்டாயம் கேட்பார்கள். பிழையில்லை, நல்ல காரியத்துக்குச் சுழியத்தில் முடித்துக் கொடுப்பதில்லை என்று சொல், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள்.

உபயகாரர் தன் திருவிழாவன்று வீட்டில் இருக்கலாமோ என்று றமேஸ் தொடங்கி, இப்போது அவரும் இக்னேசியஸ் அண்ணையும் அப்பாவும் விமானச் சீட்டு விலை பார்க்கிறார்கள். அவர்களை மேய்க்க நானும் வருகிறேன். எங்கே நின்று பார்ப்பது, எப்போது கை தட்டலாம் என்று எழுதி அனுப்பு, இவர்கள் பிழையான நேரத்தில் சத்தம் போட்டு உன் பிள்ளைகளின் அடியைக் கெடுத்துவிடுவார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை இல்லாமல் வெளியே நிற்காதே. காசோலை கிடைத்த அன்றே அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கு, மறந்துவிடாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உன் பிள்ளைகள் தலை நிமிர்ந்து விளையாட வேண்டும் என்று இருவரும் உன்னை வாழ்த்துகிறோம். அன்றைய உபயகாரர் பெயர் போடும் அறிவிப்புப் பலகையில் ‘ஸ்காபரோ கோப்பி மேசை’ என்று எழுதினால் போதுமாம், தன் பெயர் வேண்டாம் என்கிறார் அப்பா. ஆனால் அதற்குக் கீழே, சின்ன எழுத்திலாவது, ‘கோச்சின் தகப்பன் இருக்கும் மேசை’ என்று போட இடமிருக்குமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

என்றும் உன் அன்பு அம்மா,
சந்திரவதனா இரத்தினவேல்