துவக்கு வாருக்கு எந்தப் பக்கம்

12 ஒக்டோபர் 2019, சனி

காலையில் பாரிஸ் லா சப்பல் தையல் கடையில் வேலையாக இருந்தபோது துவக்குக் கடைக்காரர் போனில் கூப்பிட்டார். "பிரெத்தெல் எந்தப் பக்கம், மதாம்?" என்று கேட்டார். நாள் முழுக்கச் சட்டைகளுக்கு பிரெத்தெல் என்கிற தோள்பட்டி தைக்கிறவள் நான். "எந்தச் சட்டைக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கேட்டது, என் கணவர் கண்ணை மூடுவதற்கு முன் வேட்டைக்கென்று சொல்லிச் செய்வித்த துவக்கின் தோள்வாரை.

பின்னேரம் மகளோடு துவக்குக் கடைக்குப் போனேன். தகப்பனோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்ப் பழகியவள், அனுமதிப் பத்திரமும் வைத்திருக்கிறாள். இனித் துவக்கு அவளுக்குத்தான். ஆனாலும் வார் கொழுவுகிற வளையத்தை வலப்பக்கம் பூட்டச் சொன்னேன். இவர் எதையும் இடத்தோளில்தான் கொழுவுவார்; அதற்கு வளையம் வலப்பக்கம் இருந்தால்தான் துவக்கு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையும் அதிலேதான். ரயிலில் நான் அவரைப் பிடித்து நிற்க வலப்பக்கம் வெறுமையாக வேண்டுமாம்.

"அம்மா, நான் வலத்தோளிலை காவுறனான். வளையம் இடப்பக்கம் வேணும்," என்றாள் மகள். "இனிக் காவப்போறது நான்தானே?"

கடைக்காரர் வேறொரு வளையம் காட்டினார். பொத்தானை அமத்தினால் கழன்று வரும், துவக்கின் மரப்பிடியில் சின்னக் குழி இருந்தால் போதும். இரண்டு பக்கமும் குழி போடச் சொன்னேன்.

"மற்றப் பக்கத்திலை ஆர் கொழுவிறது?" என்றாள் மகள்.

"ஒருத்தரும் இல்லை. அது கிடக்கட்டும்."

அவள் கடைக்காரரின் பென்சிலை வாங்கி, வலப்பக்கத்தில் குழிக்கான புள்ளியைத் தானே வைத்தாள்.