மடியில் இருந்த துண்டு

ஆவணி 14, ஞாயிறு.

சிதம்பரத்திலிருந்து நாத்தனார் சரோஜா வந்தாள். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மகனின் காரில் அழைத்து வந்தோம். பத்து வருடத்துக்கு முன் அவள் காரில் நான் ஏறியபோது, "அண்ணி, தலையில எண்ணெ ஜாஸ்தி, லெதர் சீட்டு கறையாயிடும்" என்று எல்லோர் முன்னாலும் பச்சைத் துண்டு விரித்து உட்கார வைத்தவள். இன்று அவளுக்கு விரிக்க நானும் ஒரு துண்டு கொண்டு போயிருந்தேன்.

ஏறியதும் சீட்டைத் தடவினாள். "புதுசா போட்டீங்களா அண்ணி?"

"எட்டு வருஷம் ஆவுதுடி. நான்தான் பாத்துக்கிறேன்."

ஈரத்துணியால் துடைப்பதும், நிழலில் காயவிட்டு லெதர் க்ரீம் தேய்ப்பதும் என் கைதான்.

"எங்களுது வெடிச்சிப் போச்சி. பளபளன்னு இருக்கட்டும்னு தேங்கா எண்ணெ தடவுனேன்."

"என் தலை எண்ணெ ஆவாது, பாட்டிலோட ஊத்துனா ஆவுமா?"

மகன் சிரித்துவிட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துண்டு என் மடியிலேயே கிடந்தது. விரிக்க மனம் வரவில்லை. என் சீட்டில் அவள் வெறுமனே உட்காரட்டும்.

அவள் இறங்கிய பிறகு பார்த்தேன். தலை சாய்த்த இடத்தில் எண்ணெய். அந்தத் துண்டாலேயே துடைத்தேன், ஒரே துடைப்பில் போய்விட்டது. இதற்காகவா அன்று எனக்குத் துண்டு விரித்தாள்?