கீர்த்தி பிரித்த கூடு

முகத்துவாரக்குப்பம்,
புதன்கிழமை.

அன்புள்ள நைனாவுக்கு,

மோகனப்ரியா எழுதுவது. நாளைக் காலை ஓமனுக்குத் திரும்பும் பகலவன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முடியாது, அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். படகில் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

தங்கச்சி கண் கம்பெனிப் புகையால் கெட்டது என்று அம்மா உங்களிடம் சொன்னாள் அல்லவா? அது உண்மையில்லை. என்னால்தான்.

பள்ளி நூலகப் புத்தகத்தில் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் உள்ள வேற்றுமைகளைப் படித்தேன். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சித் தலைபோலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கு நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். உட்காரும்போது வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இறக்கையை மேலே மடித்துக்கொள்ளும். மற்றது விரித்துப் படுக்கும். கழிமுகத்துப் பக்கம் போய் நானே பார்த்துச் சரிபார்த்தேன். எல்லாம் இறக்கை முளைத்த பிறகு உள்ள வேற்றுமைகள்.

பள்ளி மதிலில் பழுப்பாக ஒரு கூடு ஒட்டியிருந்தது. குச்சியால் பெயர்த்து, டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே வண்ணத்துப்பூச்சி தூங்குகிறது என்று கீர்த்தியிடம் சொன்னேன். "இன்னாக்கா, எம்மா நேரம் தூங்கினுகீது? எயுப்பிவுடுக்கா" என்று டப்பாவை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். நான் டியூஷன் போயிருந்த நேரத்தில், அது வெளியே வர வழிவிடலாம் என்று கூட்டை விரலால் பிரித்திருக்கிறாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அழுதுகொண்டே அதே விரலால் கண்ணைக் கசக்கியிருக்கிறாள்.

அன்று புகையும் அதிகம். கண் எரிந்தால் நம் தெருவில் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். முகத்தைக் கழுவி, ஈரத்துணி போட்டுப் படுக்கவைத்தோம். பக்கத்து வீட்டு குணசுந்தரி அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்குடி பயப்புட்ற? எனக்குந்தான் எரியுது. காத்து திரும்புனா சரியா பூடும்" என்றார். நானும் அதையே நம்பினேன். மூன்று நாள் காற்று திரும்பக் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள்தான் அடுத்த பக்கத்தைப் படித்தேன். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு வெறும் ஓட்டோடு தொங்குமாம். நூலால் உறை நெய்வது பெரும்பாலும் அந்துப்பூச்சிதானாம். கம்பளிப்பூச்சியாக இருந்தால் தன் முடியையும் சேர்த்து நெய்துவிடுமாம்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, நைனா. மறுநாள் கண் ஆஸ்பத்திரியில்தான், அம்மா முன்னால், டாக்டரம்மாவிடம் சொன்னேன். கீர்த்தியின் வலது கண்ணிலிருந்து பதினொரு முடிகளை எடுத்தார். கசக்கக் கசக்க இரண்டு ஆழமாக உள்ளே போய்விட்டனவாம். முதல் நாளே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடுத்த வியாழன் ஆபரேஷன். அந்தக் கண்ணில் இப்போது மங்கலாகத் தெரிகிறது. பிறகு எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தெருவில் யார் கேட்டாலும் புகைதான் என்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள், தலை பின்னுகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

படகு முதலாளியிடம் கேட்டு வியாழனுக்குள் வந்துவிடுங்கள், நைனா. என்னைத் திட்டுவதென்றாலும் வந்து திட்டுங்கள். நீங்கள் போகும்போது கீர்த்திக்கு இரண்டு வயது. நைனா எம்மாம் பெருசு என்று கேட்டால், போன் அளவுக்குக் கையால் காட்டுகிறாள். அவள் உங்களை இரண்டு கண்ணாலும் ஒரு தடவை முழுசாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்
மோகனப்ரியா